அப்பாருக்கு வாங்கிக் குடுத்த கார்

தொடாதீங்க, தொடாதீங்க! பாருங்க, நல்லாப் பாருங்க, பாக்கறதுக்கு நான் என்ன காசா கேக்கறேன்? தொட்டாத்தான் ரேகை விழுந்துருமுங்க. காத்தால இருந்து ரெண்டு பேரு துணி வெச்சுத் தொடச்ச வண்டி இது. போட்டோ வேணும்னா எடுத்துக்கங்க. கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க, அப்பத்தான் முழுசா விழும். நானும் நிக்கறேன், இப்பிடிக் கதவு மேல கையை வெச்சுட்டு. விழுந்துச்சுங்களா? இன்னொண்ணு எடுங்க, நான் கண்ணை மூடிட்டேன்னு நெனைக்கறேன்.

இல்லீங்க, ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ரிப்பேருன்னு யாரு சொன்னா? அது பொகை இல்லை, ஆவி. சூடாயிருச்சு, சித்த நேரம் நிப்பாட்டி வெச்சா ஆறிரும். விசுக்குனு போயிட்டே இருக்கறதுக்கு இது என்ன ஷேர் ஆட்டோவா? நாலு எடத்துல நிக்கும், நாலு பேரு வந்து பாப்பாங்க, அப்பறம் கெளம்பும். வாங்கறதே அதுக்குத்தானுங்களே.

நீங்க எந்தூருங்க? பஸ்ஸுக்கா நிக்கறீங்க? தஞ்சாவூரா! செரி, செரி. அங்கயெல்லாம் கோயிலு பழசா இருக்கும், இங்க கோயமுத்தூருப் பக்கம் காரு பழசா இருக்கும். இந்த ரோட்டுல பஸ் இப்போதைக்கு வராதுங்க. அந்த மைல் கல்லு மேல உக்காருங்க. வண்டி மேல மட்டும் சாயாதீங்க.

இது வார்ட்டன் டூரருங்க. முப்பத்திரண்டாம் வருச மாடலு. சீமையில செஞ்சு கப்பல்ல எறங்கினது. இந்தியாவுலயே இது ஒண்ணுதான் ஓடுது. ஓடுதுன்னா, இப்ப நிக்குது, ஆனா ஓடும். உள்ள எட்டிப் பாருங்க, கீழ மூணு மிதி தெரியுதுங்களா? நடுவுல இருக்கறதுதான் ஆக்சிலேட்டரு. பிரேக்கு சோத்தாங்கைப் பக்கம் கடைசியில. அந்தக் காலத்து வண்டி அப்படித்தான். என்ற மச்சினன் பெரிய டிரைவராட்ட ஒருக்கா ஓட்டிப் பாக்கறேன்னு ஏறினான். நிப்பாட்டறதுக்குன்னு நடு மிதியை அமுக்கினான் பாருங்க, எதுத்த ஊட்டுக்காரன் சோறு திங்கற மேசை வரைக்கும் போயிட்டான். இதையெல்லாம் ஓட்டறதுக்குப் பரம்பரை ரத்தம் வேணுமுங்க. நானும் மொத மாசம் ரெண்டு காம்பவுண்டு செவுத்தை இடிச்சேன், அது வேற. அது ரெண்டும் நம்ம செவுரு.

நான் பண்றது சைட்டு யாவாரமுங்க. காடு தோட்டமெல்லாம் வாங்கி, கல்லு நட்டு, ரோடு போட்டு, பிரிச்சு விக்கறது. மயில்சாமி புரமோட்டர்ஸுன்னு வர்ற வழியில பெரிய போர்டு பாத்திருப்பீங்களே, செல்போன் காதுல வெச்சுட்டு ஒருத்தரு சிரிச்சுட்டு நிப்பாரு, அது நான்தான். நாலு காசு சேந்துச்சுங்க. காசு சேந்தா அடுத்தாப்பல என்ன வேணும்? மருவாதி வேணும். மருவாதின்னா எங்க ஊருல பழைய காரு சங்கம். அதுல இருக்கறவங்க பூராவும் மில்லு மொதலாளிக வம்சம், ஜமீன் வம்சம். கையில கிளாஸை வெச்சுட்டு நின்னா மொத கேள்வியே, "உங்க கிராண்ட்பாதர் என்ன வெச்சிருந்தார்?"னுதான். ஒருத்தரு மூணு காருங்கறாரு, ஒருத்தரு ஆனைங்கறாரு. என்னையப் பாத்தும் கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்லட்டும்?

எங்க அப்பாரைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுங்க. அப்பாருன்னா உங்க பக்கம் தாத்தாம்பீங்களே, எங்கய்யனைப் பெத்தவரு. எங்கய்யன்னா எங்கப்பாவுங்க, இங்க அப்படித்தான் சொல்றது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அப்பாரு போய்ச் சேந்துட்டாரு. சென்னியப்பன்னு பேரு மட்டுந்தான் தெரியும். ஊட்டுல ஒரு போட்டோ கெடையாது. எங்கய்யனாவது எதையாவது சொல்லுவாருன்னு பாத்தா, அப்பாரு பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாரு. செரி, ஒண்ணுமே இல்லாத எடம் காலி சைட்டு மாதிரிதானுங்களே. நம்ம விருப்பத்துக்குக் கட்டிக்கலாம்.

அப்பத்தான் இந்த வண்டி சிக்குச்சு. இங்கிருந்து வடக்கால போனீங்கன்னா, மூடிக் கெடந்த பஞ்சு மில்லு ஒண்ணு இருந்துச்சுங்க. பஞ்சுல இருந்து கொட்டையைப் பிரிக்கற ஜின்னிங் மில்லு. வாரிசுக எல்லாம் வெளிநாடு போயிட்டாங்க. அந்த எடத்தை நான் வாங்கி லே-அவுட் போட்டேன். சென்னியப்பர் கார்டன்னு அப்பாரு பேரைத்தான் வெச்சிருக்கேன், பாருங்க எனக்கு எவ்வளவு பாசம்னு. மில்லை இடிக்கறப்பப் பின்னாடி ஒரு கொட்டாயி, அதுக்குள்ள இது. கோழி அடைஞ்சு, கரையான் ஏறி, கேவலமாக் கெடந்துச்சு. எடத்தோட சேந்து வந்துருச்சு. அதுக்கப்பறம் எத்தனை மெக்கானிக்கு, எத்தனை பெயிண்டரு! எங்கூட்டுக்காரி சாந்தாமணி சொல்லுவா, புள்ளைகளை வளத்ததைவிட இதை வளத்ததுக்குத்தான் நீங்க அதிகமாக் கண்ணு முழிச்சீங்கன்னு. செய்யற காரியத்தை ஒழுங்காச் செய்யணுமில்லீங்க.

வண்டி தயாராகி ஊட்டுக்கு வந்த அன்னிக்கு, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு, மாலை போட்டு, எங்கய்யனைக் கூப்பிட்டேன். மேல்மாடியில ஏசி ரூமு குடுத்து ராஜாவாட்ட வெச்சிருந்தேனுங்க அவரை. கருப்பண்ணன்னு பேரு. தடியை ஊனிட்டு மெதுவா எறங்கி வந்தாரு. வண்டியை ஒரு சுத்து சுத்தினாரு. "எங்கடா புடிச்ச?"ன்னாரு. மில்லுக் கொட்டாயிலன்னேன். "ஏறி உக்காருங்கய்யா, ஒரு ரவுண்டு போலாம்"ன்னேன். ஏறலை. தடியைத் திருப்பிட்டு உள்ள போயிட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பெத்த மகன் இப்படியொரு வண்டி கொண்டாந்து நிறுத்தறான், "நல்லா இருக்குது சாமி"ன்னு ஒரு வார்த்தை வந்தா வாயில முத்து உதுந்துருமா?

அன்னிக்குப் புடிச்சதுதானுங்க இந்த வம்பு. நானும் எத்தனையோ வாட்டி கூப்பிட்டுப் பாத்தேன். ஆஸ்பத்திரிக்குன்னேன், கல்யாணத்துக்குன்னேன். "பஸ்ஸு இருக்குதல்லோ"ங்கறாரு. சங்கத்துக்காரங்க வந்து, "பெரியவரு வண்டியில வரலையா?"ன்னு கேக்கறப்ப மானமே போவுது. இந்த உலகத்துல எனக்கு ஒரே ஒரு ஆசைதான். எங்கய்யன் இந்த வண்டியில ஏறி உக்காரணும், அதை நாலு பேரு பாக்கணும். தப்புங்களா?

வருசா வருசம் சங்கத்துல பழைய காருகளை வரிசையா நிறுத்திப் போட்டி வெப்பாங்க. அதுல 'பரம்பரை வண்டி'ன்னு ஒரு கப்பு. வாங்கின நாளுல இருந்து ஒரே குடும்பத்துல இருக்கற வண்டிக்குத்தான் அது. மத்ததெல்லாம் காசு இருக்கறவனுக்குக் கெடைக்கற கப்பு, இது ரத்தத்துக்குக் கெடைக்கற கப்பு. எனக்கு அதுதான் வேணும்னு இருந்துச்சுங்க. பேரைக் குடுத்துட்டேன். எங்க அப்பாரு சீமையில இருந்து வரவழைச்ச வண்டின்னு சொல்லிட்டேன்.

சிரிக்காதீங்க. நீங்களே சொல்லுங்க, எந்தப் பேரன் செய்வான் இதை? அவனவன் அப்பன் ஆத்தாளுக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுக்க அழுவறான். நான் செத்துப்போன அப்பாருக்குக் காரு வாங்கிக் குடுத்திருக்கேன்! அவரு உசுரோட இருந்தா என்னையக் கட்டிப் புடிச்சு அழுதிருப்பாரு.

சாட்சிக்கு ஒரு போட்டோ வேணுமில்லீங்க? நம்ம போர்டெல்லாம் அடிக்கற ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் செய்வான். அப்பாரு மொகம்தான் இல்லை. அதுக்கென்ன, எங்கய்யன் ரேசன் கார்டுக்கு எடுத்த பழைய போட்டோ இருந்துச்சு. அந்த மொகத்தையே எடுத்து, முறுக்கு மீசை வெச்சு, தலைப்பா கட்டி, கோட்டு மாட்டி, வண்டிக்குப் பக்கத்துல நிக்க வெச்சான். ஒரு கை கதவு மேல, ஒரு கையில வெள்ளிப் பூணு போட்ட தடி. மேல டீத்தண்ணி கலரு ஒண்ணு பூசினான் பாருங்க, அசந்து போயிட்டேன். எனக்கே அழுகை வந்துருச்சு. எங்க அப்பாரு எவ்வளவு கம்பீரம்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

போட்டி அன்னிக்கு எங்கய்யனைக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. பேரூர் கோயிலுக்குப் போலாமுன்னு சொன்னதுக்கப்பறந்தான் வந்தாரு. அதுவும் இந்த வண்டியில இல்லை, சாந்தாமணி ஓட்டற சின்ன வண்டியில. போற வழியில சித்த நேரம் எறங்கிட்டுப் போலாமுன்னு மைதானத்துல எறக்கியாச்சு. பந்தல் என்ன, பேண்டு வாத்தியம் என்ன! நானும் கோட்டு, தொப்பியெல்லாம் மாட்டிட்டு நிக்கறேன். போட்டோவைப் பெருசாக்கி, வண்டிக்கு முன்னாடி ஸ்டாண்டு போட்டு வெச்சிருக்கேன்.

போட்டிக்கு நீதிபதியா ஒரு பெரிய மனுசன், பெங்களூருக்காரரு, கையில மைக்கோட வந்தாரு. போட்டோவைப் பாத்தாரு. எங்கய்யனைப் பாத்தாரு. மறுக்காப் போட்டோவைப் பாத்தாரு. "ஆச்சரியமா இருக்கே! அப்பாவும் மகனும் அச்சு அசலா ஒரே மொகம்!"ன்னாரு. "ரத்தமுங்க, ரத்தம்"னேன் நான். கூட்டம் தலையை ஆட்டுது. "ஐயா, உங்க அப்பா வண்டியில நீங்க ஏறி உக்காருங்க, நாங்க பாக்கணும்"னாரு. கதவைத் தொறந்து வெச்சுட்டு நான் நிக்கறேன்.

எங்கய்யன் ஏறலை. போட்டோகிட்டப் போயி குனிஞ்சு பாக்கறாரு. "இதாருடா?"ங்கறாரு. "உங்கய்யனுங்க, எங்க அப்பாரு"ன்னு நான் காதோட சொல்றேன். அந்த மனுசன் மைக்கை நீட்டிட்டு நிக்கறாருன்னு இவருக்குத் தெரிய வேண்டாமா? நல்லாச் சத்தமா, ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றாருங்க: "எங்கய்யனுக்கு ஒரு கைதானேடா. இதுல ரெண்டு இருக்குது."

பேண்டுக்காரன் கூட ஊதறதை நிப்பாட்டிட்டான். "ஒரு கையா? ஏங்கய்யா?"ன்னாரு நீதிபதி. "பஞ்சு மில்லுல மெசினு இழுத்துக்கிச்சுங்க"ன்னாரு எங்கய்யன். இத்தனை வருசம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாத மனுசன், வழியில போற பெங்களூருக்காரருகிட்டச் சொல்றாரு! முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருந்தா, போட்டோவுல அதுக்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு பண்ணியிருக்க மாட்டனா?

ஆனா நான் யாருங்க? சைட்டு விக்கறவன். பள்ளத்தைக் காட்டி, இங்கதான் காத்து நல்லா வரும்னு நின்ன எடத்துல சொல்றவன். மைக்கை வாங்கினேன். "ஆமாங்க! எங்க அப்பாரு மில்லு மொதலாளியா இருந்தாலும் தொழிலாளிகளோட தொழிலாளியா மெசின்ல எறங்கி வேலை செய்வாருங்க. அப்படிச் செய்யறப்பத்தான் கையைக் குடுத்தாரு. இந்தப் போட்டோ அதுக்கு முன்னாடி எடுத்தது"ன்னேன். "கை போனப்பறம் எப்படி ஓட்டினார்?"னு ஒருத்தன் குறுக்க கேட்டான். "டிரைவரு வெச்சிருந்தாருங்க"ன்னேன். மில்லு மொதலாளின்னு சொன்னது பொய்யின்னு நெனைச்சுக்காதீங்க. அந்த மில்லு எடம் இப்ப என்ற பேருலதானே இருக்குது?

கை தட்டினாங்க பாருங்க! ஒரு அம்மிணி கைக்குட்டையில கண்ணைத் தொடைக்குது. சங்கத்துத் தலைவரு வந்து என்ற தோளைத் தட்டிட்டுப் போறாரு. கப்பு நமக்குத்தான். இந்த ஒசரம் இருக்குமுங்க. நெசத்தைச் சொன்னா, எங்கய்யன் வாயை மூடிட்டு இருந்திருந்தா அது கெடைச்சிருக்காது. எனக்கு முன்னாடி நின்னவரு வண்டி இதைவிட நல்ல வண்டி. அப்பாரோட கைதான் வாங்கிக் குடுத்துச்சு.

கப்பைத் தூக்கிட்டுத் திரும்பிப் பாத்தா எங்கய்யனைக் காணம். நாங்க நாலாப் பக்கமும் தேடறோம். அவரு பாட்டுக்கு ரோட்டுக்கு வந்து, பஸ் ஏறி, எங்கக்கா பூவாத்தா ஊட்டுக்குப் போயிட்டாரு. இந்தா, இந்த ரோட்டுல கெழக்கால உள்ள போனா செங்காட்டுப்புதூரு, அங்கதான் அவளைக் கட்டிக் குடுத்திருக்குது. மாத்துத் துணி கூட எடுக்கலை. அதுக்கப்பறம் எங்கூட்டுப் பக்கமே வரலை. பொங்கலுக்கும் வரலை. போன் பண்ணினா அக்காதான் எடுக்கறா. "ஐயன் என்ன பண்றாரு?"ன்னா, "ரெண்டு கையோட நல்லா இருக்காரு"ங்கறா. நக்கலு.

இப்ப வர்ற ஞாயித்துக்கெழமை சங்கத்து ஊர்வலமுங்க. கப்பு வாங்கின வண்டிதான் மொதல்ல போகணும். அந்தக் குடும்பத்துப் பெரியவரு உள்ள உக்காந்திருக்கணும், அவருக்கு மாலை போட்டுப் பொன்னாடை போத்தறாங்க. ஆளு இல்லாம நான் மட்டும் போனா, எங்கடா உங்கப்பன்னு கேக்க மாட்டாங்களா? அதுதான் இன்னிக்கு நேருல போயி கையோட கூட்டிட்டு வந்தரலாமுன்னு கெளம்பினேன். அங்க போயிட்டுத்தான் இப்பத் திரும்பி வர்றேன். பின்னால சீட்டு காலியாத்தான் இருக்குது, பாத்தீங்கல்லோ.

சொல்றேன், இருங்க. ஆவி நின்னுருச்சாட்ட இருக்குது, தண்ணி ஊத்தணும். ஒரு உபகாரம் பண்றீங்களா? அந்தத் தோட்டத்துல தொட்டி தெரியுது பாருங்க, இந்தாங்க பக்கெட்டு, ஒரு பக்கெட்டு மொண்டுட்டு வந்துருங்க. நானே போவேன், பட்டு வேட்டி கட்டியிருக்கேன், அங்க ஒரே சகதியா இருக்குது. நீங்க வயசுப் பையன். நெறைய மொண்டுக்கங்க, இது நல்லாக் குடிக்கும்.

வந்துட்டீங்களா. மெதுவா, மெதுவா! பெயிண்டுல சிந்திராதீங்க. உங்க மேல சிந்தினாக் காஞ்சு போயிரும். ஊத்துங்க. இன்னும் ஊத்துங்க. அப்படித்தான். மூடியை நான் போட்டுக்கறேன், உங்களுக்குப் போடத் தெரியாது.

எங்க விட்டேன்? ஆ, அக்கா ஊடு. வெறுங்கையை வீசிட்டுப் போகலீங்க நான். எங்கய்யனுக்குக் கோவம் என்னத்துல? போட்டோவுல ரெண்டு கை போட்டதுலதானே? அதனால ஸ்டூடியோக்காரனைக் கூப்பிட்டு, ஒரு கையை எடுத்துருடான்னேன். எந்தக் கைங்கன்னான். எந்தக் கையின்னு எனக்கென்ன தெரியும்? கதவு மேல வெச்சிருக்கற கை அம்சமா இருக்குது, அதை விட்டுட்டு, தடி புடிச்ச கையை எடுத்துருன்னேன். கோட்டுக் கையை மடிச்சுக் குத்தினாப்பல சுத்தமாப் பண்ணிக் குடுத்தான். கண்ணாடி போட்டு, தங்கக் கலரு பிரேம் போட்டுக் கொண்டு போனேன். இந்தா, சீட்டுக்குக் கீழ சாக்குல சுத்தி வெச்சிருக்குது, அதுதான்.

எங்கய்யன் வாசல்ல கட்டில் போட்டு உக்காந்து கல்லக்காய், உங்க பக்கம் வேர்க்கடலைம்பீங்களே, அதை உரிச்சுட்டு இருந்தாரு. கொண்டு போயி மடியில வெச்சேன். "பாருங்கய்யா, நீங்க சொன்ன மாதிரியே திருத்திட்டேன்"னேன். ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம், "போனது சோத்தாங்கைடா"ன்னாரு. அவ்வளவுதான்.

நான் பீச்சாங்கையை எடுத்துட்டேனாமா! ஒரு கை இல்லைன்னு சொன்னாரே ஒழிய, எந்தக் கைன்னு சொன்னாரா? எங்கக்கா எட்டிப் பாத்துட்டு, "அந்தத் தலையும் நம்மய்யனோடதுதானேடா மயிலு, அதையும் எடுத்துரு. மிச்சம் இருக்கறதுதான் நம்ம அப்பாரு"ங்கறா. வாயைப் பாத்தீங்களா? இவ கல்யாணத்தை முன்னாடி நின்னு செஞ்சதே நானு.

செரின்னு பொறுத்துக்கிட்டேன். "ஐயா, ஸ்டூடியோவுல அஞ்சு நிமிச வேலை, மாத்திரலாம். வாங்க, வண்டியில ஏறுங்க, ஞாயித்துக்கெழமை ஊர்வலம்"ன்னேன். அப்பத்தான் அவரு வாயைத் தொறந்தாரு. கல்லக்காயை உரிச்சுட்டே சொல்றாரு, தலையை நிமுத்தலை.

"எங்கய்யனுக்குச் சோத்துத் தூக்குப் போசி எடுத்துட்டு மில்லுக்குப் போனேன். வாசல்ல இந்த வண்டி நின்னுச்சு. எங்கய்யனை நாலு பேரு தூக்கிட்டு வந்து வண்டிகிட்ட வெச்சாங்க. சோத்தாங்கை தொங்குது. டிரைவரு கதவைத் தொறந்துட்டான். மொதலாளி வந்து, வேண்டாம், சீட்டு கெட்டுரும்னு சொல்லிட்டாரு. கதவைச் சாத்திட்டாங்க. மாட்டு வண்டியில போட்டு ஓட்டினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரயில பொழுது எறங்கிருச்சு. சீக்கிரம் வந்திருந்தா முழங்கையோட நிறுத்தியிருக்கலாம்னாரு டாக்டரு. அதுக்கப்பறம் எங்கய்யன் ஒரு கண்ணாலத்துலயும் பந்தியில உக்காந்ததில்லை. பீச்சாங்கையில திங்கறதை யாரும் பாக்கக் கூடாதுன்னு. சாகற மட்டும் ஊட்டுக்குள்ள செவுத்தைப் பாத்து உக்காந்துதான் தின்னாரு."

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. பொய் சொல்லலை. நம்ம ரத்தமில்லீங்களா.

ஆனா ரெண்டு பக்கமும் ரோசிச்சுப் பாக்கணுமில்லீங்க? அது தோலு சீட்டு. சீமைத் தோலு. ரத்தம் பட்டா ஊறிரும், என்ன பண்ணினாலும் போகாது. வெச்சிருக்கறவனுக்குத்தான் அது தெரியும். நான் பதனமாத்தான் கேட்டேன், "ஏனுங்கய்யா, மாட்டு வண்டிக்கு மொதலாளி கூலி குடுத்தாருங்களா, இல்லீங்களா?"ன்னு. "குடுத்தாரு"ன்னாரு. "அப்பறம் அவரு மேல என்னங்கய்யா குத்தம்?"ன்னேன். இன்னொரு கல்லக்காயை எடுத்து உரிச்சாரு.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. "ஐயா, அப்ப அந்த வண்டியும் இந்த வண்டியும் ஒண்ணுதானுங்களே! நம்ம குடும்பத்துக்கும் இதுக்கும் அந்தக் காலத்துலயே சம்பந்தம் இருந்திருக்குது பாருங்க! நான் சொன்னது ஒண்ணும் முழுப்பொய் இல்லையே!"ன்னேன். எனக்கு அவ்வளவு சந்தோசம். அவரு சந்தோசப்படலை. மடியில கெடந்த கல்லக்காய்த் தோலைத் தட்டிட்டு எந்திரிச்சு, உள்ள போயி, கதவைச் சாத்திக்கிட்டாரு. அக்கா போட்டோவைச் சாக்குல சுத்தி எங்கிட்டக் குடுத்து, "காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போறயா, இப்படியே போறயா?"ன்னா. இப்படியே வந்துட்டேன்.

வயசானாப் புடிவாதம் அதிகமாயிரும், என்ன பண்றது. பெத்தவரு, விட முடியுதுங்களா? ஞாயித்துக்கெழமைக்குத்தான் ஆளு வேணும். எங்க ஆபீசு வாட்ச்மேன் ஒரு பெரியவரு இருக்காரு, மொகவாட்டம் கொஞ்சம் ஒத்து வரும். தலைப்பா கட்டி உக்கார வெச்சுட்டா தூரத்துல இருந்து பாக்கறவனுக்கு என்ன தெரியப் போகுது? அப்பாரையே செஞ்சவனுக்கு ஐயனைச் செய்யறதா பெரிய காரியம்? ஆனா மனசு வரலீங்க. எங்கய்யன் உக்காந்தா எனக்கு நல்லா இருக்கும். அவரு ஏறி உக்காந்து, "நல்லா இருக்குது சாமி"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் கப்பைக் கூடத் திருப்பிக் குடுத்துருவேன். குடுத்துருவேன்னா, ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

தள்ளி நில்லுங்க, ஹேண்டில் போடறேன். முன்னாடி நிக்காதீங்க, ஒதைக்கும். ஆங்! கேட்டீங்களா சத்தத்தை? பஞ்சாமிர்தமாட்ட இருக்குதில்ல? இனி உங்க பஸ் எங்க வரப் போகுது, வாங்க, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டுட்டுப் போறேன். எனக்காகத் தண்ணியெல்லாம் தூக்கிட்டு வந்தீங்க, உங்களை ரோட்டுல விட்டுட்டுப் போனா நான் மனுசனா? ஏறுங்க, ஏறுங்க.

இருங்க, இருங்க! உக்காராதீங்க! உங்க பேண்டு பூராவும் நனைஞ்சிருக்குதே. பக்கெட்டு சிந்திருச்சா? அடடா. முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? இது அதே தோலு சீட்டுங்க, மாத்தவே இல்லை. ஈரம் பட்டா வெடிச்சுப் போயிரும். தப்பா நெனைச்சுக்காதீங்க. இந்தா, கதவுக்கு வெளிய படி இருக்குது பாருங்க, நல்லா அகலமா. அந்தக் காலத்துல வேலையாளுக இதுல நின்னுட்டுத்தான் வருவாங்க. ஏறி நின்னுக்கங்க. கம்பியைக் கெட்டியாப் புடிங்க, ரோடு மோசம். ஒத்தக் கையில புடிச்சா விழுந்துருவீங்க, ரெண்டு கையிலயும் புடிச்சுக்கங்க.